மேசியா, மஸீஹ், மிஷிஹா: ஒரு பட்டம் பட்ட பாடு

எங்க கம்பெனியில டீ பிரேக் பதினைஞ்சு நிமிஷம். அதுக்குள்ள கிரிக்கெட், ஓவர்டைம், அத்திப்பள்ளி டிராஃபிக் எல்லாத்தையும் பேசி முடிச்சாகணும். போன வாரம் அதிசயமா பேச்சு வேற பக்கம் திரும்பிச்சு. கிருஷ்ணகிரி பழையபேட்டை பாய் ஒருத்தர், "எங்க குர்ஆன்லயும் ஈஸா நபிக்கு மஸீஹ்னுதாம்ப்பா பட்டம்" என்றார். எலத்தகிரிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப நீங்களும் அவரை இரட்சகர்னு ஒத்துக்கிறீங்களா பாய்?" "அது எப்படி? அவர் நபி." "அப்புறம் மேசியான்னா என்னதான் அர்த்தம்?" பதில் வர்றதுக்குள்ள சைரன் அடிச்சிருச்சு.

ரெண்டு பேர் சொன்னதும் அவங்கவங்க வேதப்படி சரி. சிக்கலே அதுதான். பட்டம் ஒண்ணு, அதுக்குள்ள இருக்கிற சரக்கு வேற. இந்த மாதிரி இடத்துல நம்ம ஆட்கள் "எல்லா சாமியும் ஒண்ணுதான்" என்று மூடிவிடுவார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷமா டிபன் பகிர்ந்து சாப்பிடுகிறவர் எதை நம்புகிறார் என்றே தெரியாமல் "ஒண்ணுதான்" என்று சொல்வது மரியாதை மாதிரித் தெரியும், ஆனால் மரியாதை இல்லை. நான் ரெண்டு பக்கத்துக்கும் வெளியாள். ஆனால் சொற்களின் பூர்வீகம் தேடுவது நம்ம பொழுதுபோக்கு என்பது இங்கே வருகிற உங்களுக்குத் தெரியும்தானே :-)

மூலச்சொல் எபிரேய மொழியின் "மாஷியாஹ்". எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். பழைய இஸ்ரவேலில் ராஜாவையும் குருவையும் பதவியில் அமர்த்தும்போது தலையில் ஒலிவ எண்ணெய் ஊற்றுவார்கள். சாமுவேல் தீர்க்கதரிசி சவுலுக்கு ஊற்றினார், பிறகு தாவீதுக்கு ஊற்றினார். ஐரோப்பியருக்கு இதைப் புரியவைக்கத் தனியாப் பாடம் எடுக்கணும். நமக்குப் பட்டாபிஷேகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதாவது ஆரம்பத்தில் இந்தப் பட்டத்துக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை. நாற்காலியில் உட்கார்ந்த, உயிரோடிருக்கிற ஒரு மனுஷனைத்தான் அது குறித்தது. யூதரே அல்லாத ஒருவருக்கும் அது கிடைத்திருக்கிறது! கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்து, அங்கே சிறையிருந்த யூதர்களை ஊருக்கு அனுப்பிவைத்த பாரசீக மன்னர் சைரஸை ஏசாயா 45-ஆம் அதிகாரம் அபிஷேகம் பெற்றவர் என்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளின் பழைய தமிழ் பைபிளில் இவர் பெயர் கோரேஸ்.

கி.மு. 586-இலேயே எருசலேம் விழுந்து, தாவீது வம்ச ஆட்சி முடிந்திருந்தது. ராஜா இல்லாத நாட்டில் ராஜா பட்டம் மட்டும் மிச்சம். அது மெல்ல மெல்ல எதிர்காலத்துக்கு நகர்ந்தது: தாவீது வம்சத்தில் ஒருவர் வருவார், மறுபடி எல்லாம் சரியாகும். கி.மு. 63-இல் ரோமர் வந்த பிறகு இந்த எதிர்பார்ப்பு அரசியலாகவே ஆனது. ரோமானியக் காதுக்கு "மேசியா" என்றால் கலகக்காரன். இயேசுவின் சிலுவை மேல் பிலாத்து மாட்டிய பலகையில் "யூதருடைய ராஜா" என்று எழுதியிருந்ததை இப்படித்தான் படிக்கணும். மேசியா என்பதன் ரோமானிய மொழிபெயர்ப்பு அது. யோவான் சுவிசேஷப்படி அது எபிரேயம், கிரேக்கம், லத்தீன் என மூணு பாஷையில் இருந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று நாலும் காதில் விழுகிற நம்ம ஓசூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

அங்கேதான் கதை திரும்புது. கழுமரத்தில் செத்துப்போன ராஜா என்பது யூத எதிர்பார்ப்பின்படி முரண். தோற்றவர் எப்படி மேசியா? இயேசுவின் சீடர்கள் அந்த முரணையே தலைகீழாக்கினார்கள். அவர் மேசியாவாக இருந்தும் செத்தார் என்று சொல்லவில்லை. சாவதுதான் மேசியாவின் வேலை, அந்தச் சாவால்தான் பாவத்துக்குப் பரிகாரம் என்றார்கள். கிரேக்கத்தில் "கிறிஸ்தோஸ்" என்று எழுதினார்கள். பொருள் அதே எண்ணெய் பூசப்பட்டவர்தான். சிலுவைக்குப் பின் இருபது முப்பது வருஷத்துக்குள் எழுதப்பட்ட பவுலின் கடிதங்களிலேயே அது கிட்டத்தட்ட பெயர் மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்குப் பலர் கிறிஸ்து என்பதை இயேசுவின் இனிஷியல் மாதிரியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழுக்கு இது வந்த விதம் தனி சுவாரசியம். தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-இல் அங்கேயே அச்சானது. பின்னால் வந்த பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் "கிறிஸ்து" என்றே வைத்துக்கொண்டு, யோவான் 1:41 மாதிரி மூலத்திலேயே எபிரேயச் சொல் எட்டிப்பார்க்கிற இடங்களில் "மேசியா" போட்டது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மத்தேயு 16:16-இல், பேதுரு இயேசு யாரென்று அறிக்கையிடும் இடத்தில், "மெசியா" என்று மாற்றிவிட்டது. சரியான முடிவு என்பேன். அங்கே பேதுரு சொல்வது பேரை இல்லை, பட்டத்தை. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பையே பொருள் பார்த்து "வளன்" ஆக்கியவர். அந்தத் துணிச்சல் இந்தப் பட்டத்துக்கு மட்டும் யாருக்கும் வரவில்லை. அபிஷேகம் என்ற சொல் கையில் இருந்தும் கிரேக்க ஒலியையே வைத்துக்கொண்டோம்.

ஓசூரில் இன்னொரு வடிவமும் புழங்குது. 2017-இல் ஓசூர் பெயரிலேயே சீரோ மலபார் மறைமாவட்டம் ஒன்று ஏற்பட்டது. அந்த மலையாள வழிபாட்டில் "ஈசோ மிஷிஹா" என்பார்கள். அது சிரியாக் மொழியின் "மஷீஹா". அதன் உடன்பிறப்புதான் அரபு "மஸீஹ்". அரபுக் கிறிஸ்தவர்கள் இன்றும் தேவாலயத்தில் மஸீஹ் என்றே சொல்கிறார்கள். உருதுவில் கிறிஸ்தவருக்கு மஸீஹி என்றே பெயர். ஆக, பழையபேட்டை பாயும் மலையாளி நர்ஸம்மாவும் சொல்வது ஏறக்குறைய ஒரே உச்சரிப்பு. தனியாக நிற்பது தமிழ்க் கிறிஸ்தவரின் "கிறிஸ்து"தான்!

இப்போ பாய் பக்கம். குர்ஆனில் அல்-மஸீஹ் என்ற சொல் 11 இடங்களில் வருகிறது. எல்லாம் ஈஸா நபியை மட்டுமே குறிப்பவை. 3:45-இல் மலக்குகள் மர்யமுக்குக் குழந்தையைப் பற்றிச் சொல்லும்போதே பட்டமும் வந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பொருள் என்ன என்று குர்ஆன் எங்கும் விளக்கவில்லை. அதனால் விரிவுரையாளர்கள் ஆளுக்கொரு வழி போனார்கள். "மஸஹ" என்ற வேரை வைத்து, தடவியே நோயாளிகளைக் குணமாக்கியவர் என்றார்கள் சிலர். பாவம் துடைக்கப்பட்டுப் பிறந்தவர், எண்ணெய் தடவப்பட்டவர், ஓரிடத்தில் தங்காமல் பூமியெங்கும் அலைந்தவர் என்றெல்லாம் மற்றவர்கள். உருதுக் கவிதையில் "மஸீஹா" என்றால் வைத்தியர் என்று ஆனது முதல் அர்த்தத்தின் நீட்சி.

முக்கியமான இடம் 4:157. சிலுவையில் அவர் கொல்லப்படவில்லை என்று மறுக்கிற வசனம். அந்த வசனத்திலேயே மஸீஹ் பட்டமும் இருக்கு. கிறிஸ்தவருக்கு எந்தச் சாவு அந்தப் பட்டத்துக்கு அர்த்தம் தருகிறதோ, அந்தச் சாவையே மறுத்துக்கொண்டு இஸ்லாம் பட்டத்தை அவருக்குத் தருகிறது. பரிகாரம் இல்லை, தேவகுமாரன் இல்லை. பெரிய நபி, கன்னியின் மகன், மஸீஹ். எலத்தகிரிக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த ஒரு வசனத்துக்குள்ளேயே இருக்கு.

ஆனா ரெண்டு பேருமே அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கிறார்கள். கிறிஸ்தவருக்கு நியாயத்தீர்ப்பு செய்ய வருகிற ஆண்டவர். முஸ்லிம்களுக்கு, ஹதீஸ்களின்படி, டமாஸ்கஸில் வெள்ளை மினாரா அருகே இறங்கி, "மஸீஹுத் தஜ்ஜால்" என்ற போலியை லுத் வாசலில் கொல்லப்போகிறவர். போலிக்கும் அதே பட்டம் என்பதைக் கவனியுங்கள். இவரோடு சேர்ந்து இன்னொருவரும் வருகிறார்: மஹ்தி, நேர்வழி காட்டப்பட்டவர். குர்ஆனில் இந்தப் பட்டம் இல்லை, ஹதீஸில்தான். பெரும்பாலான முஸ்லிம்களுக்கு இவர் ஈஸா நபியிலிருந்து வேறான ஆள்.

வரப்போகிறவருக்கான பட்டத்தை உயிரோடிருக்கிற ஒருத்தர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதற்கு நம்ம எல்லைக்கு அந்தப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. ஜவுன்பூரைச் சேர்ந்த சையத் முஹம்மது (1443–1505) தானே மஹ்தி என்று அறிவித்தார். அவர் வழியினர் மஹ்தவிகள். குஜராத், தக்காணம் வழியாக மைசூர் வரை பரவினார்கள். நல்ல குதிரைவீரர்கள், மைசூர்ப் படையிலும் இருந்தார்கள். 1790-களில் திப்பு சுல்தான் அவர்களை ராஜ்யத்தை விட்டே வெளியேற்றினார். ரமலான் 27-ஆம் இரவில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர்கள் சத்தமாக திக்ரு செய்ததில் வந்த தகராறு என்கிறது கிர்மானியின் வரலாறு. படைபலமுள்ள ஒரு கூட்டம் தனி இமாமுக்கு விசுவாசமாக இருப்பது, 1792 போரில் பாதி நாட்டை இழந்திருந்த மன்னருக்கு உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

அந்த 1792 ஒப்பந்தத்தில்தான் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கம்பெனிக்குப் போனது. ஓசூர் 1799 வரை மைசூரோடு இருந்தது. அதாவது அந்த ஏழு வருஷம் எல்லைக்கோடு ஜூஜுவாடியில் இல்லை, நம்ம ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஓடியது.

திப்பு விழுந்த பிறகு மஹ்தவிகளில் பலர் திரும்பினார்கள். மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்தில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் நம்பிக்கைப்படி மஹ்தி வந்து போய்விட்டார். ஈஸா நபிதான் இனி வரணும்.