பூனைக்குப் படியளந்த வரலாறு



அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் நீங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் கற்கின்றீர்கள். அடுப்படியில் சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கும் ஒரு வரலாறு உண்டு; அது உண்ட உணவுக்கோ அதனினும் சுவையான வரலாறு உண்டு. அதனைப் பற்றிச் சிறிது பேச எண்ணுகின்றேன்.

வேடிக்கைக்காக எடுத்துக்கொண்ட பொருள் அன்று இது. எங்கள் விரிஞ்சிபுரத்துக்கு அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகின்றது. சாலை கடக்கும் பூனை திரும்பி வருவது உறுதியில்லை. ஆகவே பூனை வளர்ப்போர் பலர் அதனை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கின்றனர். காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு தோல் பதனிடும் ஆலைக்கோ காலணித் தொழிற்சாலைக்கோ செல்பவர்கள், மாலையில் வந்துதான் அதற்கு உணவிடுகின்றனர். "விலையும் குறைவாக இருக்கவேண்டும், தரமும் இருக்கவேண்டும், எதை வாங்கலாம் ஐயா?" என்று என் பழைய மாணாக்கர் சிலர் என்னையே கேட்கத் தொடங்கிவிட்டனர். முப்பத்தைந்து ஆண்டு வரலாறு கற்பித்த பழக்கம் என்னை விடவில்லை; விடையை வரலாற்றிலேயே தேடினேன்.

மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கியபோதே பூனை அவனிடம் வந்துவிட்டது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனின் பக்கத்திலேயே ஒரு பூனையைப் புதைத்திருந்ததை 2004இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நாயைப் போல் வேட்டைக்கு அழைத்துச் செல்லவோ, மாட்டைப் போல் ஏரில் பூட்டவோ எவரும் அதனைப் பிடித்துப் பழக்கவில்லை. குதிருக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. இந்த உடன்படிக்கையில் மனிதனுக்குச் செலவே இல்லை.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்று கல்லிலேயே இருக்கின்றது. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செதுக்கிய பெரும் பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை தவம் புரிகின்றது. அதனைச் சுற்றி எலிகள் அச்சமின்றித் திரிகின்றன. அந்தத் தவத்தின் நோக்கம் யாது என்பதைச் சிற்பியும் அறிவான், பார்ப்பவரும் அறிவர். எலிதான் பூனையின் உணவு என்பதில் பல்லவச் சிற்பிக்கு ஐயம் இருக்கவில்லை.

ஆனால், இலக்கியத்தில் நுழைந்தால் பூனையின் முன் பால் வந்துவிடுகின்றது. கம்பர் தம் இராமகாதையின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொள்கின்றார். தெனாலிராமன் கதை ஒன்றை நீங்கள் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். எலித் தொல்லையை ஒழிக்கக் கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் அளித்தாராம். இராமன் தன் பூனைக்குக் கொதிக்கும் பாலை வைத்து, அது பாலைக் கண்டாலே ஓடும்படி செய்துவிட்டுப் பசுவின் பாலைத் தானே குடித்தானாம். கதைதான், ஆயினும் அதனுள் ஒரு பொருளாதாரம் இருக்கின்றது. பூனையைக் கொடுத்த அரசன் அதன் உணவுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டான். அதனைப் பால் என்று கணக்கிட்டான். எலியையோ கணக்கில் எழுதவே இல்லை.

இங்கிலாந்து நாட்டு அரசு எழுதியது. 1868இல் இலண்டன் நகரத்து அஞ்சல் துறையின் பணவிடை அலுவலகத்தில் எலிகள் காகிதங்களைக் கடித்து நாசம் செய்தமையால், மூன்று பூனைகளை அமர்த்த அனுமதி கேட்டார்கள். மேலதிகாரி வாரம் ஒரு ஷில்லிங் மட்டும் ஒதுக்கினார். அதற்கு மேல் கொடுத்தால் அவை கொழுத்துச் சோம்பிவிடும் என்றும், மீதி ஊதியத்தை அவை எலிகளிடமிருந்தே பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையில் குறித்தார். 1929இல் உள்துறை அலுவலகப் பூனை ஒன்றுக்கும் நாளொன்றுக்கு ஒரு பென்னி அனுமதிக்கப்பட்டது. சிக்கனத்தில் ஆங்கில அதிகாரியை வெல்ல முடியாது என்று நாம் நகைக்கலாம். ஆனால், நான் படித்த வரையில், பூனையின் உண்மையான உணவு எது என்பதை ஓர் அரசாங்கக் கோப்பில் நேர்மையாக எழுதியவர் அந்த அதிகாரிதாம். ஷில்லிங் என்பது துணைப்படி, எலியே சம்பளம்.

நம் நாட்டிலும் அந்த எண்ணம் ஒருமுறை உயிர்ப் பிரச்சினையாக எழுந்தது. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் ஊர் ஊராகப் பரவியபோது, பேரார் நாட்டு அமராவதியில் பணியாற்றிய புக்கானன் என்னும் மருத்துவ அதிகாரி, பூனை வளர்க்கும் ஊர்களில் நோய் குறைவாக இருப்பதாகக் கண்டு, பூனை வளர்க்கும்படி மக்களுக்குப் பரிந்துரைத்தார். பூனைக்கும் அந்நோய் தொற்றும் என்பதை இன்று நாம் அறிவோம். ஆகவே அந்த யோசனையை இன்று எவரும் முழுமையாக ஏற்பதில்லை. நம் பொருளுக்கு வேண்டுவது வேறு. அப்பூனைகளும் வீட்டில் பாலும் சோறும் பெற்று, வெளியே எலியை உண்டு வாழ்ந்தன.

எலி என்பது என்ன? ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர், மீதியில் பெரும்பகுதி புரதம், கொழுப்பு சிறிது, மாச்சத்து மிகமிகச் சொற்பம். தசையும் இதயமும் ஈரலும் எலும்பும் ஒருங்கே அடங்கிய சிறு பொட்டலம் அது. ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரி உண்டு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். எட்டு எலியில் கணக்கு முடிந்துவிடுகின்றது. நம் பாட்டிமார் வைத்த தயிர்ச்சோறு பூனையைக் காத்தது என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். காத்தவை நெற்களத்து எலிகளும், ஓணானும், உறியிலிருந்து திருடிய கருவாடுமே. எங்கள் ஊர் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் சிங்க முகம் கொண்ட வாயிலோடு சிம்ம தீர்த்தம் என்னும் கிணறு உண்டு. அந்தச் சிங்கமும் நம் பூனையும் ஒரே குடும்பம். சிங்கத்துக்குத் தயிர்ச்சோறு வைக்க எவரும் நினைப்பதில்லை.

கதவைப் பூட்டியதும் எலி நின்றுவிட்டது. அதன் பின்னரே மறைந்திருந்த கணக்கு வெளிப்பட்டது. 1827இல் ஜெர்மானிய விஞ்ஞானிகளான டீடெமானும் கிமெலினும் எருதின் பித்தநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'டாரின்' என்று பெயர் வந்தது. நெடுங்காலம் அதனை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. 1975இல் அமெரிக்க நாட்டு ஹேய்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும், பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தையே உணவாகக் கொண்ட பூனைகளின் விழித்திரை சிதைந்து பார்வை கெடுவதைக் கண்டனர். காரணம் டாரின் இன்மை. நாய் தன் உடலிலேயே டாரினைப் போதிய அளவு செய்துகொள்ளும், பூனையால் இயலாது. செடிகொடிகளில் அது இல்லை என்றே சொல்லலாம். பாலில் மிகச் சிறிதே உண்டு. தசையிலும் மீனிலும், சிறப்பாக இதயத்திலும் நிறைய உண்டு. கம்பர் காலத்துப் பூனை பாற்கடலை முழுவதும் குடித்திருந்தாலும் அதற்கு எலியும் வேண்டியே இருந்திருக்கும்.

இதனினும் பெரிய பாடம் 1987இல் கிடைத்தது. கலிபோர்னியாவில் பையன் என்னும் கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும், இதயம் விரிந்து தளர்ந்து இறக்கும் பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தனர். அப்பூனைகள் குப்பையில் பொறுக்கித் தின்றவை அல்ல. பெயர் பெற்ற ஆலைகளின் தயாரிப்பை உண்டவை. டாரினைச் சேர்த்துக் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. பின்னர் ஆலைகள் தம் உணவில் டாரினைக் கூட்டின. விலை மிகுதியாக இருப்பது தரத்துக்குச் சான்று அன்று என்பதை அந்நிகழ்ச்சியைவிட எது தெளிவாகக் காட்டும்?

இனிப் புரதம் என்னும் சொல்லைப் பார்ப்போம். பைகளின் மேல் 'புரதம் 30 விழுக்காடு' என்று அச்சிட்டிருப்பார்கள். 1883இல் டென்மார்க்கு நாட்டு கியெல்டால் வகுத்த முறையே இதற்கு அடிப்படை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் வருவது புரதம் என்று கொள்வர். இம்முறை நைட்ரஜனைத்தான் காணும்; அது தசையிலிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்பதை அறியாது. தோலும் புரதமே. ஆம்பூரில் தைத்த ஒரு செருப்பைப் பொடியாக்கி அளந்தாலும் புரதம் என்று எண் வரும்; அதனைத் தின்று எந்தப் பூனையும் பிழைக்காது. எங்கள் வட்டாரத்து மாணவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டை விளக்க வேண்டியதே இல்லை.

இந்த ஓட்டையில் நுழைந்த மோசடி ஒன்று உண்டு. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த கோதுமைப் புரதத்தில், எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்காக நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்னும் பொருளைக் கலந்திருந்தனர். 2007இல் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. நூற்றுக்கு மேற்பட்ட வணிகப் பெயர்களில் விற்ற உணவுகளைத் திரும்பப் பெற்றார்கள். அவற்றுள் உயர்விலைப் பெயர்களும் மலிவுப் பெயர்களும் ஒரே ஆலையில் அடைக்கப்பட்டவை என்பதும் அப்போது வெளிப்பட்டது.

ஆகவே, மாணாக்கர் கேட்ட கேள்விக்கு வருவோம். விலைச்சீட்டைப் பார்க்கும் முன் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பூனைக்கு 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று எழுதியிருக்கின்றதா, 'துணை உணவு' என்று எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள். சாறோடு கூடிய சிறு பொட்டலங்களில் சில துணை உணவே; வாரக்கணக்கில் அதனை மட்டும் இடலாகாது. பொருள்களின் பட்டியலில் முதலில் கோழி, மீன் போன்ற பெயர் சொல்லிய இறைச்சி நிற்பது நன்று. டாரினும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்துள்ள குறைந்த அளவு, நீர் நீக்கிய கணக்கில், உலர் உணவில் 0.1 விழுக்காடு, டப்பா உணவில் 0.2 விழுக்காடு. நாய்க்குச் செய்த உணவு மலிவாகக் கிடைக்கின்றதே என்று அதனையே பூனைக்கும் இடுவோர் உளர். மேலே சொன்ன காரணத்தால் அது தகாது.

ஒப்பிடும்போது நீரை நீக்கிக் கணக்கிட வேண்டும். டப்பாவில் புரதம் 10 விழுக்காடு, உலர் உணவில் 30 விழுக்காடு என்றால், பின்னதே மேல் என்று தோன்றும். டப்பாவில் 80 பங்கு நீர். மீதி 20இல் 10 புரதம், அதாவது பாதி. உலர் உணவில் 10 பங்கு நீர். மீதி 90இல் 30, அதாவது மூன்றில் ஒன்று. விலையையும் கிலோவுக்கு இவ்வளவு என்று பாராமல், நாளுக்கு இவ்வளவு என்று பார்ப்பதே முறை. உலர் உணவு 60 கிராம் போதுமான பூனைக்கு டப்பா உணவு ஏறத்தாழ 250 கிராம் வேண்டும். சிக்கனம் உலர் உணவின் பக்கமே நிற்கின்றது. ஆயின் பூனை இயல்பாகவே குறைவாக நீர் அருந்தும் பிராணி. அதிலும் ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வரக்கூடும். எனவே நல்லதொரு நடுத்தர விலை உலர் உணவை அடிப்படையாகக் கொண்டு, இயன்ற நாளில் ஈர உணவு சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகின்றது.

வீட்டிலேயே சமைத்துப் போட்டால் மலிவு என்பவர்களுக்கும் ஒரு சொல். ஆம்பூரில் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருவர் தம் குட்டிக்கு எலும்பில்லாத கோழிக்கறியை மட்டுமே அன்போடு ஊட்டி வளர்த்தார். சில மாதங்களில் அது நொண்டத் தொடங்கியது. தசையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்றும், எலும்பு மெலிந்துவிட்டது என்றும் கால்நடை மருத்துவர் கூறினார்; உணவை மாற்றிய பின் அது தேறியது. ஈரலை மட்டுமே நாள்தோறும் கொடுத்தாலோ வைட்டமின் 'ஏ' மிகுந்து எலும்பு இறுகும். பச்சை மீனில் இன்னொரு தீங்கு. சில மீன்களில் தயமினை அழிக்கும் பொருள் உண்டு. 1930களில் அமெரிக்க நரிப்பண்ணைகளில் பச்சை மீன் உண்ட நரிகள் முடங்கி விழுந்ததிலிருந்தே இது தெரியவந்தது. வேகவைத்தால் அப்பொருள் அழிந்துவிடும்.

ஆகவே கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி இதயத்தையும் மத்தி மீனையும் உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து, முள் நீக்கி, நாளுணவில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் முழுமையான உணவோடு சேருங்கள். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் நீரில் கரைந்து இறங்கும் பொருளாதலால் அதனையும் ஆறவைத்து ஊற்றுங்கள். ஆம்பூர்ப் பிரியாணியின் மிச்சம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாலை ஒரு கரண்டி விருந்தாக வைப்பதில் குற்றமில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இதுவரை பாலும் சோறும் உண்டுவந்த பூனைக்கு ஒரே நாளில் உணவை மாற்றிவிடாதீர்கள். புதியதை முதல் நாள் கால் பங்கு கலந்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பிடிவாதத்தால் பசி கிடக்கட்டும் என்று விட்டுவிடலாகாது. இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஊறு நேரும். ஒரு நாள் முழுதும் உணவைத் தொடாவிட்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.