வைத்த பெயரும் வாங்கிய பெயரும்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகிற சாலையில் பனவடலிசத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் நடத்துனர் கூவுகிற வேகத்திலேயே பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு ஊரைத் தாண்டிவிடுவார்கள். சற்று நின்று யோசித்தால், அந்தப் பெயருக்குள் ஒரு மரமும் ஒரு கட்டடமும் இருப்பது தெரியவரும்.

வடலி என்றால் இளம்பனை. மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்கு; வெளியே வந்து ஓலை விரித்தால் வடலி; நெடுநெடுவென்று உயர்ந்து பாளை விட்டால் பனை. ஓர் உயிருக்குப் பருவத்துக்கு ஒரு பெயராக வைத்தவர்கள் நம் முன்னோர்கள். வடலி வளர்ந்து பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். ஆகையால், வைத்தவன் ஒருவன், ஏறுகிறவன் இன்னொருவன் என்பது பனைக்கு எழுதிய விதி. மரங்கள் வளர்ந்தாலும் ஊர் மட்டும் தன் குழந்தைப் பெயரை விடவில்லை. நரை விழுந்த பிறகும் தெருவார் 'குட்டி' என்றே கூப்பிடும் தாத்தாக்கள் நமக்கும் உண்டல்லவா?

மரத்தைப் பார்த்தோம். இனிச் சத்திரம். நடந்தும் வண்டி கட்டியும் பயணம் போன காலத்தில், இருட்டியபின் வந்து சேர்கிறவனுக்குத் திண்ணையும் தண்ணீரும் தருவது சத்திரத்தின் தர்மம். ஆனால் திண்ணையில் உட்காருவதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் பிறந்துவிடும். "எந்த ஊர்? பேர் என்ன?" பேர் என்ன என்ற கேள்வி, பேரை மட்டும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்பட்டதன்று. பேருக்குப் பின்னால் வருகிற வாலைத் தெரிந்துகொள்ளத்தான். அந்தக் காலத்துச் சத்திரங்கள் பலவற்றில், இலை எந்தப் பந்தியில் விழும், விழுமா விழாதா என்பதையெல்லாம் அந்த வால்தான் தீர்மானித்தது.

பெயர் என்பது என்ன? பெற்றவர்களைக் கேட்டால், ஆசை என்பார்கள். பனவடலிசத்திரத்துக்கு வடக்கே இருக்கிற சங்கரன்கோவிலில் இது நன்றாகத் தெரியும். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் வழக்காடினவாம். அம்பிகை தவமிருக்க, இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாகக் காட்சி தந்தான் என்பது தலபுராணம். ஆடித் தபசு இன்றும் அதைக் கொண்டாடுகிறது. அந்தச் சீமையில் எத்தனை சங்கரநாராயணன்கள், எத்தனை கோமதிகள்! ஒரு வழக்கையே தீர்த்துவைத்த பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், வீட்டிலும் வழக்கு இருக்காது என்று பெற்றோர் எண்ணினார்களோ என்னவோ!

இது அன்பினால் வைக்கிற பெயர். அன்பில்லாமல் வைக்கிற பெயரும் உலகத்தில் உண்டு. அது ஒரு கூட்டத்தின் தலையில் அடுத்தவர் ஏற்றிவைக்கிற சுமை.

பனை ஏறிப் பதனீர் இறக்கிப் பிழைத்த மக்கள் தென்பாண்டி நாட்டில் ஏராளம். மரத்தில் ஏறியவனை மண்ணில் தாழ்த்தி வைத்தது அன்றைய சமூகம். அவர்களை ஊரும் அரசாங்கமும் ஒரு பழைய பெயரால் குறித்தன. அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்ட பெயர் அது. வேண்டாம் என்றவர் காதில் அதையே திரும்பத் திரும்ப ஓதுவது சரித்திர ஆராய்ச்சி ஆகாது, நாகரிகமும் ஆகாது.

அவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே வந்து, சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வியாபாரத்தில் கால் ஊன்றினார்கள். கையில் பணம் வந்தது, கடை வந்தது, ஆனால் பெயர் வரவில்லை. 1897-ல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. இடையே 1899 ஜூன் மாதம் சிவகாசியில் நடந்த கலவரத்தில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

கோர்ட்டு கைவிட்ட பிறகு அவர்கள் வேறு வழியில் நடந்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். மகமை வசூலித்துப் பொதுக் காரியம் செய்தார்கள். 1910-ல் மகாஜன சங்கம் கண்டார்கள். பழைய பெயரை ஏடுகளிலிருந்து எடுங்கள், 'நாடார்' என்று எழுதுங்கள் என்று அரசாங்கத்திடம் ஓயாமல் கேட்டார்கள். 1921-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்போது சென்னை அரசாங்கம் அதற்கு இசைந்தது. அதுவரை அவர்களுக்குள் நிலபுலம் உள்ள சில குடும்பங்களுக்கே பட்டமாக இருந்த சொல், பனை ஏறுகிறவனுக்கும் உரிமையாயிற்று.

வெறும் ஒரு சொல்லுக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். தன் பெயரைச் சொல்லும்போது தலை குனிய வேண்டியிருந்தவனைத்தான் அதைக் கேட்க வேண்டும்.

அந்தப் பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில், விருதுபட்டி க்ஷத்திரிய வித்தியாசாலையில், ஒரு பையன் படித்தான். 1903-ல் பிறந்த அவனுக்கு வீட்டார் வைத்த பெயர் குலதெய்வத்தின் பெயரான காமாட்சி. தாயார் சிவகாமி அம்மாள் ஆசையாகக் கூப்பிட்டது 'ராஜா'. தெய்வத்தின் பெயரும் தாயின் செல்லமும் சேர்ந்து 'காமராஜ்' ஆயிற்று. 1923-ல் அந்த ஊரும் பட்டியை விட்டு விருதுநகர் ஆயிற்று. அரசியலுக்கு வந்த ஆரம்ப நாட்களில் பத்திரிகைகள் அவரைக் 'காமராஜ நாடார்' என்று எழுதின. 1954-ல் முதலமைச்சரானவரை நாடு வெறும் காமராஜ் என்று அழைத்தது. பிறகு மரியாதை கலந்து காமராஜர் என்றது. ஒரு பரம்பரை போராடி வாங்கிய பட்டம், அடுத்த பரம்பரையில் தானாக உதிர்ந்துவிட்டது.

தானாக உதிரும்வரை காத்திருக்க முடியாது என்றவர்களும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். அவரும் நாடார் சமூகத்தின் தலைவர்தான்!

1921-ல் கிடைத்ததை 1929-ல் விட்டுவிடச் சொல்வதா? எட்டே ஆண்டில் இது என்ன முரண் என்று தோன்றும். முரண் இல்லை. கையில் இல்லாத பொருளை எப்படிக் கீழே வைப்பது? முதலில் அது தன்னுடையதாக வேண்டும். தன்னுடையதான பிறகு வைத்துக்கொள்வதோ விடுவதோ அவன் இஷ்டம். பட்டம் இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டிலும், தீர்மானிக்கிறவன் யார் என்பதே பெரிய கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பலர். எம். சி. ராஜாவின் முயற்சியால் 1922-ல் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் அரசாங்க ஏட்டில் ஏறியது. தென்மாவட்டங்களில் நெடுநாள் கேட்கப்பட்ட கோரிக்கை ஒன்றும் உண்டு. அதன்படி ஏழு பிரிவினரைத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரில் சேர்க்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2021-ல் இயற்றியது. நூறு ஆண்டு இடைவெளி, ஆனால் கோரிக்கை ஒன்றே: "எங்களை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை எங்களைக் கேளுங்கள்."

இப்போது பெரும்பாலான தமிழர்களுக்குப் பெயரின் வால் போய், முன்னால் தகப்பனாரின் ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. இதனால் சின்னச் சங்கடங்களும் இல்லாமல் இல்லை. குடும்பப் பெயர் கேட்கிற அயல்நாட்டுப் படிவத்தில் நம் பிள்ளைகள் தகப்பன் பெயரை எழுதிவிடுகிறார்கள். பிறகு லண்டனில் "மிஸ்டர் சங்கரநாராயணன்" என்று கூப்பிட்டால், அப்பா எங்கே வந்தார் என்று மகன் திரும்பிப் பார்க்கிறான். இருக்கட்டும், எந்தப் பந்தி என்று தீர்மானிக்கிற வாலைவிட இந்தக் குழப்பம் எவ்வளவோ மேல்.

சென்னையில் தியாகராய நகருக்குப் போய்ச் சேலை வாங்காத குடும்பம் அபூர்வம். அங்கே பாண்டி பஜார் என்று சொல்கிறோமே, அந்தப் பாண்டி யார் தெரியுமா? செங்கல்பட்டில் தலைமை வகித்த அதே சௌந்தரபாண்டியன்தான். பட்டத்தை விட்டுவிடச் சொன்னவர் அவர். ஜனங்களோ பெயரிலும் பாதியை விட்டுவிட்டார்கள். மீதிப் பாதியை மட்டும் தினம் ஆயிரம் பேர் சொல்கிறார்கள்; அதைச் சொல்கிறவர் யாரும் அவர் என்ன ஜாதி என்று கேட்பதில்லை.