முத்துக்குளித்துறையில் இரு கட்டளைகள்

முத்துக்குளித்துறை என்பது தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்கள் அடங்கிய தென்பாண்டிக் கடற்கரை. 1535 முதல் 1537 வரையான காலத்தில் இக்கரையின் பரதவர் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், பத்துக் கட்டளைகளையும் முக்கிய செபங்களையும் தமிழறிந்தோர் உதவியுடன் மொழிபெயர்த்து மனப்பாடமாகக் கற்பித்தார். எபிரேய மறைநூலின் ஒரு பகுதி இவ்வாறு இக்கரைக்கு வந்தது.

அப்பத்தும் இரண்டில் அடங்கும் என்பது கத்தோலிக்க ஞானோபதேச மரபு: இறைவனை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பது, பிறரைத் தன்னைப்போல் நேசிப்பது. இவ்விரண்டும் யூத சமயத்துக்கு மாற்றாக இயேசு புதிதாக வகுத்தவை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

இயேசுவின் விளக்க முறை

முதலாவது, இணைச்சட்ட நூலின் (உபாகமம்) 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. யூதர் காலையும் மாலையும் ஓதும் 'ஷெமா'வின் பகுதி. இரண்டாவது லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்து, ஏனைய சட்டங்களை அவற்றைக் கொண்டு அளந்ததே இயேசு செய்தது. மாற்கு நற்செய்தியில் இதைக் கேட்ட மறைநூல் அறிஞர் மனமாற ஒப்புக்கொள்கிறார். லூக்காவில் இன்னும் வியப்பு: இரண்டையும் சேர்த்துச் சொல்பவரே எதிரில் நிற்கும் சட்ட அறிஞர்தான்!

ஓய்வுநாள் வாதங்களும் இவ்வகையினவே. பசித்த தாவீது தூய அப்பத்தை உண்டதை இயேசு சான்றாகக் காட்டுகிறார். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளிலும் தூக்கலாம் என்றால் மனிதனைக் குணமாக்குவது எப்படித் தவறாகும் என்று கேட்கிறார். சிறியதிலிருந்து பெரியதை நிறுவும் இம்முறை யூத ரபிமாரிடமும் வழங்கியது. ஓய்வுநாள் மனிதருக்காகவே தரப்பட்டது என்ற கருத்தும் ரபிமார் நூல்களில் உண்டு. ஆகவே இவை ஒரே சமயத்தாருக்குள் நடந்த விவாதங்கள். பிற்காலத் திருச்சபை இவற்றை யூதருக்கு எதிரான தீர்ப்புகளாக வாசித்ததன் விளைவுகள் கொடியவை.

யூத வழிவந்த போதகர்

அவ்விளைவைத் தம் வாழ்விலேயே கண்டவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல்லில் 1520இல் பிறந்த இவர், யூத மரபிலிருந்து மதம் மாறிய 'புதுக் கிறித்தவர்' குடும்பத்தினர். அக்காரணத்தாலேயே பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற நேர்ந்தது. பின் இயேசு சபையில் சேர்ந்து, 1546இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். இவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. பத்துக் கட்டளைகளும் இந்தப் 16 பக்க நூலில் தமிழ் எழுத்தில் அச்சேறின. மறு ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது.

பிறரன்பைப் பரதவருக்கு அவர் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், 1560இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. யூத வழக்கங்களை மறைவாகக் கைக்கொள்வதாகச் சந்தேகிக்கப்பட்ட புதுக் கிறித்தவர் அதன் முக்கிய இலக்கு. 1593இல் இயேசு சபையின் பொதுப்பேரவையும் யூத வழிவந்தோரைச் சேர்க்கத் தடை விதித்தது. அடிகளார் அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தார். 1600இல் புன்னைக்காயலில் காலமானார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. அத்தடை முற்றிலும் நீக்கப்பட்டது 1946இல்.