நெஞ்சே ஏடாக

மாணவன் ஆசிரியரிடம் பாடம் ‘படித்தான்’ என்பதினும் பாடம் ‘கேட்டான்’ என்பதே தமிழின் பழைய வழக்கு. வள்ளுவர் கல்வியை அடுத்துக் கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தார். வேதத்தை எழுதப்படாத கல்வி என்று சங்கப் புலவர் ஒருவர் சுட்டினார். இறையனார் களவியலின் உரை, நக்கீரர் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை பத்துப் பேர் வாய்வழியாக வந்தது என்று அந்நூலின் பாயிரவுரையே வரிசைப்படுத்திக் கூறும். ஏடு இருந்த காலத்திலும் நூலின் முதல் இருப்பிடம் நெஞ்சாகவே கருதப்பட்டது. ஏடு நெஞ்சிற்குத் துணை. நெஞ்சு ஏட்டிற்குத் துணையன்று.

இக்கருத்தின் உண்மையை ஆராய்வதற்குத் தேவாரத் திருமுறைகளையும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தையும் விடச் சிறந்த சான்றுகள் தமிழில் இல்லை. இவ்விரு தொகுதிகளும் ஒரு காலத்தில் மறைந்து பின் மீட்கப்பட்டன என்று சமய மரபு கூறுகிறது. மறைந்தது எது, மீட்டது எது என்ற வினாக்களுக்கு விடை காணின், ஒரு சமுதாயம் தன் மறைமொழியை எவ்வாறு காக்கிறது என்பது புலனாகும்.

நினைவிற்கென அமைந்த யாப்பு

இப்பாடல்களைக் காத்தவருள் முதல்வர் அவற்றைப் பாடிய அருளாளர்களே. திருஞானசம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாடல் இராவணனைப் பற்றியது. ஒன்பதாம் பாடல் திருமாலும் நான்முகனும் அடிமுடி தேடியதைப் பற்றியது. பத்தாம் பாடல் புறச்சமயத்தாரைப் பற்றியது. இறுதியில் வரும் திருக்கடைக்காப்பு, பாடியவர் பெயரையும் ஊரையும் பாடலை ஓதுவார் பெறும் பயனையும் கூறும். இவ்வமைப்பைச் சமயக் கொள்கையின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்ளுதல் போதாது. ஓதுபவன் ஒரு பாடலைத் தவறவிட்டால் அதன் இடம் வெறுமையாய் நின்று அவனுக்கு உணர்த்தும். பாடியவர் யார் என்ற ஐயமும் எழாது.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் இவ்வேலி இன்னும் வலியது. நூறு பதிகங்கள், 1102 பாசுரங்கள். அனைத்தும் அந்தாதியாய்த் தொடுக்கப்பட்டவை. ஒரு பாசுரத்தின் ஈறு அடுத்ததன் முதலாகிறது; நூலின் இறுதிப் பாசுரம் முதற்பாசுரத்தோடு சென்று இணைகிறது. இடையில் ஒன்று விடுபட்டாலும் சங்கிலி அறுந்தது தெரியும். ஒவ்வொரு பதிகத்தின் முடிவும் தன்னை ஆயிரத்துள் ஒரு பத்து என்று எண்ணிச் சொல்கிறது. அந்தாதியைச் சொல்விளையாட்டு எனக் கருதுவோர், அது நினைவாற்றலின் கருவியாகவும் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெஞ்சில் தங்க வேண்டும் என்ற நோக்கமே யாப்பின் ஒரு பகுதியாய் அமைந்தது.

ஆயிரத்துள் ஒரு பத்து

இவ்வெண்ணிக்கையே பின்னாளில் ஒரு நூலை மீட்டது என்கின்றன வைணவக் குருபரம்பரை நூல்கள். வீரநாராயணபுரம் எனப்படும் காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்தவர் நாதமுனிகள். அவ்வூர்க் கோயிலுக்கு வந்த அடியார் சிலர் குடந்தைப் பெருமானைப் பற்றிய ஒரு பதிகத்தை ஓதக் கேட்டு உருகினார். ஆயிரத்துள் இது ஒரு பத்து என்று முடிவில் வரக்கண்டு, எஞ்சியவை எங்கே என்று வினவினார். அவர்கள் அறிந்தது அவ்வளவே.

நாதமுனிகள் குடந்தைக்கும், பின்னர் நம்மாழ்வார் பிறந்த குருகூருக்கும் சென்றார். அங்கு மதுரகவியாழ்வாரின் வழியில் வந்த பராங்குசதாசர், தம்மிடமும் ஆயிரம் இல்லை என்றார். மதுரகவிகள் தம் ஆசிரியரைப் பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பு மட்டுமே வழிவழி வந்தது என்றார். நாதமுனிகள் அதனைப் பன்னீராயிரம் முறை ஓதினார். நம்மாழ்வார் அவர்முன் தோன்றித் திருவாய்மொழியோடு மற்றை ஆழ்வார்களின் அருளிச்செயல்களையும் அருளினார் என்பது வரலாறு.

இதனை அற்புதமாகக் கொள்வாரும் உளர். குறிப்புப் பொருளாகக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் ஒன்று தெளிவு. இக்கதையில் ஏடு எங்கும் வரவில்லை. வழிப்போக்கர் நாவில் பத்து, ஒரு மாணவர் மரபின் நாவில் ஒரு சிறுநூல், அதனைச் சலியாது ஓதிய ஒருவரின் நெஞ்சு ஆகிய இவையே மீட்சிக்கு வழியாயின. மீட்டவர் செய்த அடுத்த பணியும் எண்ணத்தக்கது. நாதமுனிகள் தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் அவற்றைப் பண்ணோடு பயிற்றுவித்தார். திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் இன்றும் நிகழும் அரையர் சேவை, தன் தோற்றத்தை அவரிடமே கொண்டு சென்று சேர்க்கிறது.

ஏட்டில் இல்லாத பண்

சைவ மரபின் செய்தி வேறு வகையினது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணம், தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் மூவரின் கைச்சாத்தோடு பூட்டப்பட்டிருந்தன என்று கூறும். சோழ மன்னனும் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் சென்றபோது, மூவரும் வந்தாலன்றித் திறவோம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தபோது ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. சம்பந்தர் பதிகம் 16,000, அப்பர் பதிகம் 49,000, சுந்தரர் பதிகம் 38,000 என்பது புராணம் தரும் கணக்கு. இன்று கிடைப்பவை மூவர்க்கும் சேர்த்து ஏறத்தாழ 800 பதிகங்களே. புராணத்தின் எண்கள் மிகையாகலாம். இழப்பைப் பற்றிய துயரம் மிகையன்று.

இக்கதையில் பலரும் விரைந்து கடந்து செல்லும் பகுதி ஒன்றுண்டு. எஞ்சிய ஏடுகள் கிடைத்த பின்னும் அவற்றைப் பாட இயலவில்லை. சொல் இருந்தது, பண் இல்லை. எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் பிறந்த ஒரு பெண்மணியை அழைத்து வந்து, அவர் வாயிலாகவே பண்கள் வகுக்கப்பெற்றன. மன்னனும் நம்பியும் தில்லை மூவாயிரவரும் கூடித் திறந்த அறையில் கிடைக்காத ஒன்று, பாணர் குடிப் பெண் ஒருவரின் நெஞ்சில் இருந்தது. அவருடைய பெயரைப் புராணம் கூறவில்லை. தேவாரம் இன்று இருபதுக்கும் மேற்பட்ட பண்களில் பாடப்படுவதற்கு மரபு காட்டும் மூலம் அப்பெயரறியாப் பெண்மணியே.

கல்வெட்டு காட்டும் உண்மை

புராணத்தோடு கல்வெட்டை ஒப்பிடும்போது வரலாறு மேலும் விளங்குகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் திருவல்லக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் குறிக்கப்பட்டுள்ளது. தில்லை அறை திறக்கப்பட்டதாகக் கருதப்படும் காலத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட செய்தி இது. ஆகவே தேவாரம் நாட்டில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஊர்தோறும் கோயில்தோறும் சிலர் சிலவற்றைப் பாடிக்கொண்டே இருந்தனர். மறைந்தது பாட்டன்று, பாட்டுகளின் முழுத்தொகுதி. நம்பியின் பெரும்பணி, சிதறிய நினைவுகளை ஒருங்குசேர்த்து முறைப்படுத்தியதே எனலாம்.

முதலாம் இராசராசன் செய்ததோ அந்நினைவுக்கு வாழ்வளித்த பணி. அவனது 29-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல். இவ்வளவோடு கல்வெட்டு முடிந்திருந்தால் அது கொடையைப் பற்றிய மற்றொரு செய்தியாகவே நின்றிருக்கும். ஆனால் அது மேலும் ஒரு விதியை வகுக்கிறது. இவர்களுள் ஒருவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து பாடச் செய்தல் வேண்டும். உறவினரே இல்லையாயின், எஞ்சிய பாடுவோர் கூடித் தக்காரைத் தெரிவு செய்தல் வேண்டும்.

இவ்விதியின் நுட்பம் பெரிது. குடிவழியை அது மதிக்கிறது. ஆனால் குடிவழிக்கு மேல் தகுதியை வைக்கிறது. இறுதியில் தெரிவு செய்யும் உரிமையைப் பாடத் தெரிந்தவர்களிடமே ஒப்படைக்கிறது. ஒரு நெஞ்சு அவியும்போது மற்றொரு நெஞ்சு ஆயத்தமாய் இருத்தல் வேண்டும் என்பதை அரசாணையாக எழுதி வைத்த காலம் அது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டில், திருவாய்மொழி ஓதுவார்க்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

இவை அனைத்தினும் நெஞ்சைத் தொடுவது திருவாமாத்தூரில் உள்ள சோழர் காலக் கல்வெட்டொன்று. அக்கோயிலில் திருப்பதியம் பாடப் பார்வையற்றோர் பதினாறு பேரும், அவர்களுக்குக் கண்ணாய் நின்று வழிகாட்ட இருவரும் அமர்த்தப்பட்டனர். அப்பதினாறு பேருக்கும் ஏட்டால் பயனில்லை. பதிகம் முழுவதையும் செவியால் வாங்கி நெஞ்சில் நிறுத்தினாலன்றி அவர்கள் பாடியிருக்க இயலாது. ‘நெஞ்சே ஏடு’ என்பது அவர்களைப் பொறுத்தவரை உவமையன்று, அன்றாட வாழ்க்கை. உலகம் குறையென எண்ணியதை ஒரு தகுதியாக ஏற்று, அதற்குக் கூலியும் துணையும் அளித்த ஊரின் அறிவு போற்றத்தக்கது.

எழுத்தின் துணை

இவ்வாறு கூறுவதால் எழுத்து வேண்டாவென்பது கருத்தன்று. நெஞ்சும் தவறும், மரபும் அறும். சம்பந்தர் பாடிய திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் கிடைக்கவில்லை. அவ்வூர்க் கோயிலின் கல்வெட்டில் பொறிக்கப்பட்டிருந்தது 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டறியப்பட்ட பின்னரே, அது தேவாரப் பதிப்புகளில் இடம்பெற்றது. அங்கே கல் காத்தது, நெஞ்சு கைவிட்டது.

பொருளும் எழுத்தின் துணையை வேண்டியது. திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பகலில் உரைத்தவற்றை, மாணவர் வடக்குத்திருவீதிப்பிள்ளை கேட்டு நெஞ்சிற்கொண்டு இரவில் எழுதிவைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அவ்வேடும் பல தலைமுறை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பாடமாகவே கைமாறி, மணவாள மாமுனிகள் காலத்தில் திருவரங்கப் பேரவையில் முழங்கியது. கேட்டு நினைவிற் கொண்டதே எழுத்தாயிற்று. எழுத்து மீண்டும் கேள்வியாயிற்று.

எழுத்தை மட்டும் நம்பிய நூல்களின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழுமையாக இல்லை. புறத்திரட்டும் உரையாசிரியர்களும் எடுத்தாண்ட சில பாடல்களே எஞ்சின. அவற்றை ஓதிய சமணரும் பௌத்தரும் அருகியபோது, ஏட்டைப் படியெடுப்பாரும் அருகினர். நாள்தோறும் ஒரு நாவு சொல்லிக்கொண்டிராத நூலுக்கு ஓலையின் ஆயுளே ஆயுள்.

வழிவழி வரும் கடமை

ஆதீனங்களின் தேவாரப் பாடசாலைகளும், அறநிலையத் துறையின் ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளும், தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திய பண்ணாராய்ச்சியும் இம்மரபின் இக்கால வடிவங்கள். 2021-இல் மாடம்பாக்கம் திருக்கோயிலில் பெண் ஓதுவார் ஒருவர் நியமனம் பெற்றார். பண் வகுத்தவர் ஒரு பெண் என்று கூறும் மரபிற்கு இது புதுமையன்று. நெடுநாள் நிலுவையில் நின்ற கடன்.

இவ்வரலாறு பாடும் தொழிலாளர்க்கு மட்டுமன்றிப் பாப்புனைவோர்க்கும் செய்தி உடையது. நெஞ்சு பற்றிக்கொள்ளத் தக்க அமைப்பு, நாள்தோறும் சொல்லும் நா, அந்நாவிற்கு அளிக்கும் வாழ்வு, அடுத்து வரும் தகுதியாளரைத் தேடும் பொறுப்பு ஆகிய நான்கும் கூடிய இடத்தில் பாட்டு ஆயிரம் ஆண்டைக் கடந்தது. ஒன்று குறைந்த இடத்தில் கரையான் புகுந்தது. அச்சும் ஒலிப்பதிவும் கணிப்பொறியும் இன்று ஓலையின் இடத்தைப் பெற்றுள்ளன. அவை ஓலையினும் வலியவை. ஆயினும் அவையும் ஏடுகளே. அவற்றுள் இருப்பது கிடைக்கும். ஆனால் தானே பாடாது.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு கூடிக் கவிதை பேசுவது பெருமைக்குரியது. அவ்வட்டத்தில் ஒருவர் கவிதையை மற்றொருவர் ஏடின்றிச் சொல்வாராயின், அதனைத் தம் மக்களுக்கும் மாணவர்க்கும் பாடம் சொல்வாராயின், அவ்வட்டம் தஞ்சைக் கல்வெட்டின் விதியைத் தன்னையறியாமலே நிறைவேற்றியதாகும். அக்கல்லில் 48 பிடாரர் பெயர்களும் இன்றும் உள்ளன. அவர்கள் பாடிய பதிகங்கள் அக்கல்லில் இல்லை. அவை ஒருவர் நெஞ்சிலிருந்து அடுத்தவர் நெஞ்சிற்குச் சென்று இன்றளவும் ஒலிக்கின்றன.