குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு (தமிழ்நாடு)

குற்றத்துக்கு ஆளானவரிடமே கேட்டுக் குற்றத்தின் அளவை அறியும் முறை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளையே எண்ணுகிறது. புகார் கொடுக்கத் தயங்கிய பிள்ளைக்கு அதில் இடமில்லை.

அமெரிக்காவில் 1972இலும் பிரிட்டனில் 1982இலும் தேசிய அளவில் தொடங்கிய இம்முறையைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் கே. சொக்கலிங்கம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் அவர் மேற்கொண்ட ஆய்வு 2003இல் ஐ.நா. இதழொன்றில் வெளியானது.

மாணவர்களைப் பொறுத்தவரை மறக்கக்கூடாத ஆய்வு, சென்னையின் 'துளிர்' அமைப்பு 2006இல் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் கேட்டதில், 42 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளாகியிருந்தனர். சிறுவர்களில் 48, சிறுமிகளில் 39 விழுக்காடு. ஆண் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று நம்பியிருந்த வீடுகளுக்கு இது பேரதிர்ச்சி. இத்தகைய ஆய்வில் கேள்வியின் சொல்லமைப்பே உயிர். 'உனக்குக் குற்றம் இழைக்கப்பட்டதா?' என்றால் பிள்ளை இல்லையென்று தலையாட்டும். நடந்த செயலைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

திருநெல்வேலியில் கல்லூரி மாணவியர் எதிர்கொண்ட பின்தொடர்தல் தொல்லையை க. ஜெய்சங்கரும் உடன் ஆய்வாளரும் 2007இல் பதிவு செய்தனர். பின்தொடர்தல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக்குற்றமானது 2013இல்தான். சட்டம் பெயரிடாத துன்பத்தைக் கணக்கெடுப்பு முந்திக்கொண்டு காட்டியது. இம்முறையின் பெரும்பேறு இதுவே. இணையவழித் துன்புறுத்தல் குறித்து தேபாரதி ஹல்தரும் ஜெய்சங்கரும் தயாரித்த அடிப்படை ஆய்வறிக்கை 2010இல் அதே ஊரிலிருந்து வந்தது. ஐடிஎஃப்சி ஆய்வு நிறுவனம் நான்கு பெருநகரங்களில் நடத்தி 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் சென்னையும் இடம்பெற்றது.

இவை பெரும்பாலும் நகரத்து ஆய்வுகள். விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கரைகள் இவற்றின் களமாகவில்லை. அங்கே நகரத்து வினாத்தாளை அப்படியே கொண்டுபோக முடியாது. பெற்றோர் அதிகாலையிலேயே உப்புப் பாத்திக்குப் போய்விடும் வீட்டில் பகலில் கதவைத் தட்டிப் பயனில்லை. குடும்பத்துக்கே ஒரு கைபேசி என்றால், இணையவழி வினாத்தாளில் பிள்ளை மனம்விட்டு எழுதாது. அதனால் பள்ளியில், பெயர் எழுதாத தாளில் கேட்பதே பொருத்தம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே உதவி நாடும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் முன்கூட்டியே விளக்கிவிட்டுத்தான் ஆய்வாளர் தாளை நீட்ட வேண்டும்.