ராபின்சனின் மூன்று கப்பல்கள்

இந்த நேரலையில் காலையில் காபியோடு இருப்பவர்களும் உண்டு, நள்ளிரவில் விழித்திருப்பவர்களும் உண்டு.

கடல் பயண நூல்கள் பற்றிப் பேச என்னை அழைத்தபோது முதலில் தயங்கினேன். நான் நர்ஸ். பாய்மரம், நங்கூரம் எல்லாம் எனக்குப் புத்தக அறிவுதான். ஆனால் நான் இன்று எடுத்துக்கொண்ட மனிதரின் வாழ்க்கையில் கடல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மருத்துவமும் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து பேசலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் பெயர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். அமெரிக்கர், பொறியாளர். 1928 ஜூனில், இருபதுகளின் நடுவில் இருந்த அவர், ‘ஸ்வாப்’ என்ற சின்னப் பாய்மரப் படகில் நியூயார்க் பக்கமிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார். படகின் பெயர் நமக்குத் தெரிந்ததுதான். கனவு என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல் என்றே அதை வைத்தார். நம் ‘சொப்பனம்’ அதன் உறவுக்காரச் சொல்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்பதைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் தனி ஒருவராக உலகைச் சுற்றியவர் ஜோஷுவா ஸ்லோகம். 1895 முதல் 1898 வரை. அவருடைய ‘ஸ்ப்ரே’ 36 அடி 9 அங்குலம். அடுத்து ஹாரி பிட்ஜன், 1921 முதல் 1925 வரை. அவர் தம் கையாலேயே கட்டிய ‘ஐலண்டர்’ 34 அடி. ராபின்சனின் ஸ்வாப் இவற்றையும்விடச் சிறியது. 32 அடி 6 அங்குலம். நாம் வேலைக்குப் போகும் நகரப் பேருந்து அதைவிட நீளம். அதற்குள்தான் படுக்கை, அடுப்பு, மாதக் கணக்குக்கான உணவு, குடிநீர் எல்லாம்.

இப்படிப்பட்ட படகு வேகத்தை நம்பிப் போவதில்லை, பருவத்தை நம்பிப் போகிறது. 1914-இல் பனாமா கால்வாய் திறந்தபின், தென் அமெரிக்காவின் அடிமுனையைச் சுற்ற வேண்டிய கட்டாயம் போயிற்று. கால்வாயைத் தாண்டினால், கிழக்கிலிருந்து மேற்கே ஓயாமல் வீசும் வாணிபக் காற்று பசிபிக் முழுவதும் முதுகில் தள்ளும். புயல் பருவத்தில் துறைமுகத்தில் ஒதுங்கி, நல்ல பருவத்தில் கிளம்ப வேண்டும். ஸ்வாப் அப்படித்தான் போனது. கலாபகஸ், தஹிதி, சாலமன் தீவுகள், டச்சு கிழக்கிந்தியத் தீவுகள், மலாக்கா நீரிணை, இலங்கை, செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல். 1931 நவம்பரில் நியூயார்க் திரும்பினார். அடுத்த ஆண்டு ‘கடல்மீது 10,000 லீக்’ என்ற பொருளுள்ள தலைப்பில் நூல் வந்தது.

பலரும் இதைத் தனிமனித சாகசமாகவே சொல்வார்கள். ஆனால் தஹிதிக்காரரான எதேரா அந்தப் படகில் நியூயார்க் வரை வந்தார். சமைத்தார், சுக்கான் பிடித்தார், காவல் நின்றார். இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் ஒருவர் தூங்க வேண்டுமானால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். இரவுப் பணி பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சாதனைப் பட்டியலிலோ படகின் பெயரும் உரிமையாளரின் பெயரும் மட்டும்தான்.

அடுத்து நடந்ததுதான் என்னை இந்த மனிதரோடு கட்டிப்போட்டது. 1933-இல் ராபின்சனுக்கும் ஃபுளோரன்ஸ் கிரேனுக்கும் திருமணம். இருவரும் உறவினர் ஒருவரோடு அதே ஸ்வாப்பில் மறுபடி கலாபகஸ் போனார்கள். 1934 தொடக்கத்தில், இசபெலா தீவின் டாகஸ் குடாவில், ராபின்சனின் குடல்வால் வெடித்தது.

இதைக் கேட்டதும் இங்குள்ள நர்ஸ்களுக்கு வயிறு கலங்கும். வெடித்த குடல்வாலிலிருந்து கிருமி வயிற்றறை முழுவதும் பரவும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அங்கோ சுற்றிலும் எரிமலைப் பாறை. நோயாளிகளுக்குப் பென்சிலின் கிடைத்தது 1940-களில்தான். சல்ஃபா மருந்துகள்கூட அப்போது இன்னும் வரவில்லை. ஸ்வாப்பிலிருந்து யாரையும் கூப்பிட வழியில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த சூரை மீன்பிடிக் கப்பல் ஒன்றில் ரேடியோ இருந்தது. அதன் வழியே செய்தி ஏறக்குறைய 1,000 மைல் தள்ளியிருந்த பனாமா கால்வாய்ப் பகுதிக்குப் போனது. அங்கிருந்து விமானத்தில் மருத்துவர்கள் வந்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் ‘ஹேல்’ என்ற போர்க்கப்பலும் வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, அவர் பிழைத்தார். ஸ்வாப் அங்கேயே நின்றுபோனது. அவர் கைக்குத் திரும்பவில்லை.

ஒருவரைக் காப்பாற்ற எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மனைவி, உறவினர், மீனவர்கள், ரேடியோ இயக்கியவர், விமானிகள், மருத்துவர்கள், மாலுமிகள். இன்னொன்றையும் எண்ண வேண்டும். அதே ஆண்டில், அதே தீவில் வாழ்ந்த ஓர் ஏழை மீனவருக்குக் குடல்வால் வெடித்திருந்தால் விமானம் வந்திருக்குமா? ராபின்சன் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தக் கேள்வியை விட முடியவில்லை.

இரண்டாவது கப்பல் நம்முடையது. வல்வெட்டித்துறை நண்பர்கள் யாராவது இணைந்திருந்தால் இந்தக் கதை அவர்கள் வீட்டுக் கதை; என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டுவதும் ஓட்டுவதும் தலைமுறைத் தொழில். அந்தப் பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் போய்வந்தன. அரிசியும் தேக்கும் ஏற்றின. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற கப்பலை ராபின்சன் வாங்கினார். ஏறக்குறைய 90 அடி நீளம். பிரிகன்டைன் வகை, அதாவது முன் பாய்மரத்தில் குறுக்குப் பாய்கள், பின் பாய்மரத்தில் நீளவாட்டுப் பாய்கள். வாங்கியதும் அதற்கு மனைவியின் பெயரை வைத்தார்: ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’.

இந்தக் கப்பல் 1937-இல் புறப்பட்டு, சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் இருந்தார்கள். குளோஸ்டர் சாதாரண ஊர் அல்ல, பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகம். அங்கே போர்த்துகீசிய மீனவர்கள் எழுப்பிய நற்பயண மாதா ஆலயம் இருக்கிறது. மாதாவின் ஒரு கையில் குழந்தை இயேசுவுக்குப் பதிலாக ஒரு பாய்க்கப்பல் இருக்கும். கடலில் ஆட்களை இழந்து பழகிய ஊர் அது. பாய்க்கப்பலின் அருமை தெரிந்த கண்கள்தான் நம்மவர்கள் வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கும்.

மூன்றாவது கப்பல் ‘வருவா’. 70 அடி. ராபின்சன் மசாசூசெட்ஸின் இப்ஸ்விச் ஊரில் வைத்திருந்த தம் சொந்தப் பட்டறையில் கட்டி 1942-இல் நீரில் இறக்கியது. இதுவும் பிரிகன்டைன். போர் முடிந்ததும் 1945-இல் அதில் ஏறித் தஹிதிக்குப் போய் அங்கேயே வாழ்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் அதே கப்பலில் தென் பெருங்கடல் வழியாகச் சிலிக்குப் போனார். அதில் சந்தித்த புயலைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பாய்மரக்காரர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

எனக்கு அந்தப் புயலைவிட முக்கியமாகப் படுவது கரையில் அவர் செய்தது. தஹிதியில் யானைக்கால் நோய் பரவலாக இருந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்று அவர் முனைந்தார். அந்த முயற்சியால் 1949-இல் பப்பீத்தேயில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. பின்னாளில் லூயி மலார்தே என்ற மருத்துவரின் பெயர் பெற்று அது இன்றும் இயங்குகிறது.

தமிழ்நாட்டில் நர்சிங் டிப்ளமோ படித்தவர்கள் யானைக்காலை இரவோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்போம். நம் ஊரில் அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் இரவில் கடிக்கும். அதனால் பத்து மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் ரத்தம் எடுப்பார்கள். பொலினீசியத் தீவுகளில் புழு அதே வகைதான், ஆனால் பரப்புவது ஏடிஸ் வகைக் கொசு. அது பகலில் கடிக்கும். சாக்கடையில் வளராது. எலி கடித்துப் போட்ட தேங்காய்ச் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் போதும், பெருகிவிடும். குஞ்சுகளும் பகல் ரத்தத்திலேயே கிடைக்கும். ஆக, நம் ஊர் வழிமுறையை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது. வீட்டைச் சுற்றிச் சிரட்டை பொறுக்க வேண்டும், டைஎதில்கார்பமசின் மாத்திரை கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தீவாக ரத்தம் பார்க்க வேண்டும். யாரும் புத்தகம் எழுதாத வேலை அது.

ராபின்சன் இதைச் செய்யக் காரணம் கலாபகஸில் மற்றவர்கள் தமக்குச் செய்ததுதானா? அவர் மனதுக்குள் புகுந்து நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால், போர்க்கப்பல் வந்து காப்பாற்றிய ஒருவர், எந்தக் கப்பலும் வராத நோயாளிகள் பக்கம் நின்றிருக்கிறார். எதேராவின் மக்களிடையே நின்றிருக்கிறார். உலகைச் சுற்றியதைவிட அதற்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் வேலையில் நோயாளியின் குறிப்பேட்டில் மருந்து கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவர் பெயர் மட்டும் போதாது. கடல் பயண வரலாற்றில் அந்தப் பழக்கம் குறைவு. ஆனால் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் கைதியாக ரோமுக்குப் போகும் கப்பல் புயலில் உடைகிறது. அதை எழுதிய லூக்கா மருத்துவர் என்பது திருச்சபை மரபு. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று அவர் எண்ணி எழுதியிருக்கிறார். கைதியும் காவலனும் கப்பலாளும் ஒரே எண்ணிக்கைக்குள் வருகிறார்கள்.

அன்னபூரணியில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல நாடுகளில் இருக்கக்கூடும். வீட்டில் ஒரு பழைய படமோ, கடிதமோ, பாட்டி சொன்ன ஒரு பெயரோ இருந்தால், தயவுசெய்து எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். தண்டையல் பெயரோடு சமைத்தவர் பெயரும் பாய் கட்டியவர் பெயரும் சேரட்டும்.

இனி கேள்விகள் இருந்தால் பேசலாம்.