இருநூறு கினி பூட்டு

போன வருஷம் ஒரு சாயங்காலம் சாவியை உள்ளேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு. தெருமுனையில் கள்ளச்சாவி போடுகிறவரைக் கூட்டி வந்தேன். கையில் இரண்டு கம்பி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் கொடுத்த டீயை நான் குடித்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. அன்று ராத்திரி அம்மா கேட்டாள்: "அப்ப இத்தனை வருஷமா எதை நம்பிடா தூங்கினோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பூட்டுப் பைத்தியம் பிடித்தது அப்படித்தான். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பயிற்சிப் பூட்டு ஒன்றும், ஒரு செட் கம்பிகளும் வாங்கினேன். (என் சொந்தப் பூட்டில்தான், அதுவும் எந்தக் கதவிலும் மாட்டாத பூட்டில்தான் பழகுவேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.) கூடவே வரலாற்றையும் படிக்க ஆரம்பித்தேன். 1851-இல் லண்டன் மாநகரமே அம்மாவின் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது!

கதைக்குப் போகும் முன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கதவில் இருப்பது பின் பூட்டு. சுழலும் உருளைக்குள் ஐந்தாறு பின்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சரியான சாவி போட்டால் எல்லாத் துண்டுகளின் இணைப்பும் உருளையின் விளிம்புக்கு வந்து நிற்கும், உருளை சுழலும். ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் ஐந்து துளைகளை மயிரிழை பிசகாமல் ஒரே நேர்கோட்டில் போட முடியாது. அதனால் ஒரு கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால், எல்லாப் பின்னும் ஒரே சமயத்தில் இறுகாது. ஏதோ ஒன்று முதலில் இறுகும். இன்னொரு கம்பியால் அதைத் தேடிப் பிடித்து மெல்ல உயர்த்தினால், 'டிக்' என்று உட்காரும். பிறகு அடுத்தது. செய்தவர் விட்ட பிசகை விரல் நுனியால் படிக்கிறோம். என்னைப் போன்ற கத்துக்குட்டிகள் செய்யும் தப்பு, திருப்பும் கம்பியைப் போட்டு அழுத்துவது. அழுத்தினால் எல்லாமே இறுகிப் போகும். பூட்டு வாயே திறக்காது.

சரி, லண்டனுக்கு வருவோம்.

ஜோசப் பிராமா 1784-இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சாவி ஒரு சின்னக் குழாய் மாதிரி இருக்கும். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். பிக்காடிலியில் இருந்த தன் கடையின் ஜன்னலில் 18 சறுக்குத் தகடுகள் கொண்ட பூட்டு ஒன்றை வைத்து, இதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி என்று பலகை எழுதி மாட்டினார். 200 கினி என்றால் 210 பவுண்டு. பிராமா 1814-இல் காலமானார். பலகை அங்கேயேதான் இருந்தது.

இன்னொரு புகழ்பெற்ற பூட்டு, ஜெரமையா சப் 1818-இல் செய்தது. போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவித் திருட்டு நடந்த பிறகு, தன் சாவிக்கு மட்டுமே திறக்கும் பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் போட்டி அறிவித்தது. சப் செய்தது லீவர் பூட்டு. இன்று உங்கள் வீட்டுத் தொங்குபூட்டில் '6 லீவர்', '7 லீவர்' என்று பொறித்திருக்கிறதே, அதே குடும்பம்தான். இதில் கூடுதலாக ஒரு தந்திரம்: யாராவது கம்பி விட்டு ஒரு லீவரை அளவுக்கு மேல் உயர்த்தினால் அது அப்படியே மாட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் வந்து சாவி போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கைதிக் கப்பலில் இருந்த, பூட்டுத் தொழில் தெரிந்த ஒருவரிடம், திறந்தால் விடுதலையும் பணமும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று மாதம் போராடிவிட்டுக் கைவிட்டார்.

1851-இல் ஹைட் பார்க்கில் பளிங்கு மாளிகைக் கண்காட்சி. டே அண்ட் நியூவெல் என்ற நியூயார்க் கம்பெனியின் பூட்டை விற்க ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். ஜூலை 22 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வீட்டின் பெட்டக அறைக் கதவில் இருந்த சப் பூட்டை, சாட்சிகள் முன்னால் 25 நிமிஷத்தில் திறந்தார். அதே கம்பிகளால் 7 நிமிஷத்தில் திரும்பப் பூட்டியும் காட்டினார். நான் ரொம்ப நேரம் யோசித்தது இந்த இடத்தில்தான். அந்தக் 'காட்டிக்கொடுக்கும்' லீவரையே அவர் துணையாக்கிக்கொண்டார். அது மாட்டினால், இவ்வளவு உயரம் அதிகம் என்ற தகவல் அவருக்குக் கிடைக்கிறது. எதிர்ப்பக்கம் திருப்பி அதை விடுவித்துவிட்டு, தொடர்ந்து வேலை பார்க்கலாம். திருடனைக் காட்டிக்கொடுக்க வைத்த காவல்காரன், பூட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

அடுத்தது பிராமா பூட்டு. ஸ்பிரிங்கை அழுத்தியபடியே வைத்திருக்க ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு, தகடு தகடாக ஆழத்தை அளந்தார். 16 நாட்களில் பரவலாக 51 மணி நேரம். பிராமா கம்பெனி முணுமுணுத்தது: இவ்வளவு நாள் தனி அறையில், கருவியை நிரந்தரமாகப் பொருத்திக்கொண்டு எந்தத் திருடன் வேலை செய்வான்? நியாயமான கேள்விதான். ஆனால் பலகையில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லையே. நடுவர்கள் ஹாப்ஸ் பக்கம் தீர்ப்புச் சொல்ல, பணம் கைமாறியது.

இதையெல்லாம் வெளியில் பேசலாமா என்று விவாதம் கிளம்பியது. ஹாப்ஸின் விஷயங்களைக் கொண்டு சார்ல்ஸ் டாம்லின்சன் தொகுத்த பூட்டு நூல் 1853-இல் வந்தது. அதன் வாதம் இதுதான்: திருடர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், காசு கொடுத்துப் பூட்டு வாங்கும் நல்ல மனிதர்களுக்குத்தான் தெரியாது. அந்த வாதத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் ஹாப்ஸைத் தியாகியாக்க வேண்டாம். கையோடு லண்டனிலேயே பூட்டுக் கம்பெனி ஆரம்பித்து வியாபாரம் பார்த்தவர் அவர்.

அவர் விற்க வந்த அந்த டே அண்ட் நியூவெல் பூட்டு என்ன ஆனது? சில வருஷங்களில் லைனஸ் யேல் ஜூனியர் என்ற இன்னொரு அமெரிக்கர் அதையும் திறந்தார். அந்த யேல்தான் 1861-லும் 1865-லும் சிறிய, தட்டைச் சாவி போடும் பின் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். நம் கதவில் இருப்பது அதன் வாரிசு.

அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "திண்டுக்கல் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வா. இன்னொரு பூட்டும் போட்டுக்கலாம். அவன் அஞ்சு நிமிஷம் கூடுதலா நிக்கட்டும், அதுக்குள்ள யாராவது பார்ப்பாங்கல்ல?" என்றாள்.

வாங்கி மாட்டியாயிற்று. பயிற்சிப் பூட்டில் நாலாவது பின் இன்னும் எனக்கு மசியவில்லை.